எலும்பைக் கரைக்கும் கட்டளை

புத்தளம் மாவட்டத்திலே, கற்பிட்டியை அடுத்த தீவுகளில் ஒன்று உச்சமுனை. மணற்கரையைக் கடல் ஓரிடத்தில் அரிப்பதும், பிறிதோரிடத்தில் மணலைக் குவிப்பதும் அத்தகைய கரையில் வாழும் மீனவர் நன்கறிந்த செய்தி. நமது எலும்பின் கதையும் இதுவே.

எலும்பு கல்லைப் போன்றதென்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. ஒரு வகைக் கலங்கள் பழைய எலும்பைக் கரைக்கின்றன. மற்றொரு வகைக் கலங்கள் புதியதைக் கட்டுகின்றன. வளர்ந்தவரின் எலும்பில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு ஆண்டுதோறும் இவ்வாறு புதுப்பிக்கப்படுகின்றது.

கரைக்கும் கலங்களுக்குக் கட்டளையிடுவது எது? 1997, 1998ஆம் ஆண்டுகளில், நோயெதிர்ப்பை ஆராய்ந்தோரும் எலும்பை ஆராய்ந்தோரும் தனித்தனி வழியே சென்று ஒரே புரதத்தைக் கண்டனர். அவர்களுள் ஒரு குழு ஜப்பானியப் பாற்பொருள் நிறுவனம் ஒன்றைச் சேர்ந்தது என்பது வியப்புக்குரியது. இன்று அப்புரதத்தின் பெயர் 'ராங்க்-எல்'.

இதனை ஒரு திறவுகோல் எனலாம். கரைக்கும் கலமாக மாறவிருக்கும் இளங்கலத்தின் மீதுள்ள பூட்டிலே இது பொருந்தியதும் அக்கலம் விழித்தெழுகின்றது. அளவு மிஞ்சாதிருக்க, இத்திறவுகோலைப் பற்றிக்கொள்ளும் பொய்ப்பூட்டு ஒன்றையும் உடல் படைத்துள்ளது.

இப்புரதத்துக்குரிய மரபணுவை நுண்ணுயிர்களிலே புகுத்தி, அவற்றைக் கொண்டே இதனை விஞ்ஞானிகள் உற்பத்தி செய்கின்றனர். இதனையும் வேறொரு வளர்ச்சிப் புரதத்தையும் எலும்பு மச்சைக் கலங்களுக்கு ஊட்டினால், ஆய்வுகூடத்துத் தட்டிலேயே எலும்பு கரைக்கும் கலங்கள் தோன்றுகின்றன.

1999இல் இம்மரபணு நீக்கப்பட்ட எலிகளை ஆராய்ந்தனர். அவற்றின் எலும்புகள் மிகையாக இறுகின, பற்கள் முளைக்கவில்லை, நிணநீர்க் கணுக்களும் உருவாகவில்லை. எலும்புக்கும் நோயெதிர்ப்புக்கும் உள்ள உறவு இதனால் தெளிவாயிற்று.

மாதவிடாய் நின்ற பெண்களிடம் ஈஸ்திரோஜன் குறையும்போது ராங்க்-எல்லின் ஆதிக்கம் மேலோங்குகின்றது, எலும்பு மெலிகின்றது. இதனைத் தடுக்கும் 'டெனோசுமாப்' என்னும் மருந்து 2010இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதற்கு முன் 7,868 பெண்களிடம் மூன்றாண்டுச் சோதனை நடந்தது. மருந்தற்ற ஊசி பெற்றோரில் நூற்றுக்கு 7.2 பேருக்கு முதுகெலும்பிலே புதிய முறிவு ஏற்பட, மருந்து பெற்றோரில் அது 2.3 ஆகக் குறைந்தது.

ஆயினும் ஓர் எச்சரிக்கை உண்டு. ஆறு மாதங்களுக்கு ஒரு முறை இடவேண்டிய ஊசி இது. நடுவில் நிறுத்தினால், அடங்கியிருந்த கரைப்பு வேகத்துடன் திரும்பும். முதுகெலும்புகள் பல ஒருசேர முறியவும் கூடும். ஆகவே, படகேறி மருத்துவமனை செல்லவேண்டிய தீவிலுள்ள மூதாட்டி ஒருவருக்கு இச்சிகிச்சையைத் தொடங்குமுன், அடுத்த ஊசிக்கு அவரை அழைத்துச் செல்பவர் யார் என்பதையும் குடும்பத்தார் தீர்மானித்தல் வேண்டும். நிறுத்த நேரின், மாற்று மருந்து குறித்து வைத்தியரை முன்கூட்டியே கேட்டறிதல் அவசியம்.