பேதுருவின் நிழல் விழுந்த தெரு



அட்டனை அடுத்த தோட்டமொன்றில் மறைக்கல்வி மாணவர்க்குச் சித்திரப் போட்டி நடத்தினோம். மாதாவை வரைந்த சிறுமி ஒருத்தி முகத்திற்கு இளஞ்சிவப்பு வர்ணம் தீட்டியிருந்தாள். "உன் அம்மாவின் நிறத்தில் தீட்டியிருக்கலாமே?" என்றேன். "அப்படித் தீட்டினால் மாதா மாதிரி இருக்காது பாதர்" என்றாள்.

நமது ஆலயங்களிலும் லயத்து வீடுகளிலும் தொங்கும் திருப்படங்களிற் பெரும்பாலானவை ஐரோப்பிய மறுமலர்ச்சிக் கால ஓவியங்களின் வழிவந்தவை. அவற்றின் நிறத்தைப் பெற்றுக்கொண்ட நாம், வரைந்தோரின் துணிவைப் பெறவில்லை என்றே எண்ணுகிறேன்.

அத்துணிவு யாது? 1420களில் இத்தாலியின் புளோரன்ஸ் நகரில், கார்மேல் சபை ஆலயத்தின் பிரான்கச்சி சிற்றாலயச் சுவரில், மசாச்சோ என்னும் இளைஞர் திருத்தூதர் பணிகள் 5ஆம் அதிகாரக் காட்சியொன்றைத் தீட்டினார். பேதுரு தெருவழியே நடக்கிறார். அவரது நிழல் பட்டு நோயாளர் குணமடைகின்றனர். அத்தெரு எருசலேமின் தெருவன்று, புளோரன்சின் தெரு. சூம்பிய கால்களுடன் தரையில் இருப்பவன், அந்நகரத்தார் அன்றாடம் கண்டும் காணாமற் கடந்துபோன ஏழைகளுள் ஒருவன் போன்றே இருக்கிறான். மசாச்சோ 1428இல், முப்பது வயதை எட்டுமுன்னரே இறந்துபோனார். அச்சுவர்களின் முன் நின்று பின்னாளில் மைக்கலாஞ்சலோவும் வரைந்து பழகினார்.

மறுமலர்ச்சிக் கால மானுடவாதம் மனிதனைக் கடவுளிடமிருந்து பிரித்தது எனச் சிலர் கூறுவர். பிற்காலத்தில் அவ்வாறு திரிந்த கிளையும் உண்டு. ஆயினும் அதன் முன்னோடியான பெத்ரார்க்கா, புனித அகுஸ்தினாரின் நூலைக் கையோடு கொண்டு திரிந்தவர். வாக்கு மனிதரானார் என நம்புவோர்க்கு மனித முகம் எங்ஙனம் அற்பமாகும்?

அத்துணிவைக் கற்றுவந்த ஒருவர் நம் மலைநாட்டோடும் தொடர்புடையவர். அவர் ஓவியர் டேவிட் பெயின்டர் (1900–1975). ஆங்கிலேயத் தந்தைக்கும் சிங்களத் தாய்க்கும் பிறந்தவர். பெற்றோரின் மறைபரப்புப் பணி நுவரெலியாவில் சிறுவர் இல்லமாக வேரூன்றியது. மகனோ இலண்டன் றோயல் அக்கடமியிற் பயின்று, இத்தாலியும் சென்று திரும்பினார்.

கண்டி திரித்துவக் கல்லூரிச் சிற்றாலயச் சுவர்களில் அவர் தீட்டிய விவிலியக் காட்சிகள் இலங்கை மண்ணிலேயே நிகழ்கின்றன. சிலுவையில் தொங்கும் இயேசுவுக்குத் தாடி இல்லை. பின்னணியில் கண்டற் காடு. 1957இல் நல்ல சமாரியரையும் வரைந்தார்.

அது அங்கிலிக்கன் சபையினரின் ஆலயம். அம்பிட்டிய குருமடத்திற் பயின்ற நாட்களில் முதன்முதலாக அதைக் கண்டேன். உண்மையைச் சொல்வதானால், எனக்குப் பிடிக்கவில்லை. 'இயேசு மாதிரி இல்லையே' என்றுதான் நினைத்தேன். மெய்யியலும் இறையியலும் கற்ற நான் அன்று நினைத்ததைத்தான் அச்சிறுமி வாய்விட்டுச் சொன்னாள். ஆகவே அவளைத் திருத்தும் தகுதி எனக்கு இருக்கவில்லை.

அவளுடைய தாய் ஞாயிறு திருப்பலியில் கடைசி வரிசையில் அமர்பவர். கொழுந்துக் கூடையின் கயிறு அழுந்திய தழும்பு நெற்றியில் தெரியும். அந்நெற்றியில் எத்தனையோ முறை சாம்பல் பூசியிருக்கிறேன். ஒரு முறையேனும் உற்று நோக்கினேனா என இப்போதுதான் என்னையே கேட்கிறேன்.

வரும் தவக்காலத்தில், உரிய அனுமதி பெற்று, எமது மறைக்கல்வி மாணவரைக் கண்டிக்கு அழைத்துச் செல்ல எண்ணியுள்ளேன். அச்சிறுமியும் வருகிறாள். தாயையும் உடன் அழைத்திருக்கிறேன். அன்றைய வேலையை விட்டு வர இயலுமா என்று பார்த்துச் சொல்வதாகக் கூறியுள்ளார்.