கதவில் தொங்கும் 'பழுது' அட்டை

அண்மையில் என் தமக்கையாரை ஓய்வூதியர் நேர்காணலுக்காக ஓர் அரசு அலுவலகத்துக்கு அழைத்துச் சென்றிருந்தேன். இரு முழங்கால்களிலும் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர் அவர். நேர்காணல் நடந்தது இரண்டாம் தளத்தில். மின்தூக்கியின் கதவில் 'பழுது' என்று எழுதிய அட்டை தொங்கியது. வெயில் படாத அந்த இடத்திலும் எழுத்து வெளிறியிருந்தது. ஊழியர் ஒருவர் பரிவோடு பதிவேட்டை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி வந்து, படிக்கட்டின் அடியிலேயே கையொப்பம் பெற்றுக்கொண்டார். எங்கள் வேலை முடிந்துவிட்டது. ஆயினும், அரசுக் கட்டடங்களின் மின்பராமரிப்பில் நெடுங்காலம் பணியாற்றியவன் என்பதால் அந்த அட்டை என் மனத்தை விட்டு அகலவில்லை.

மின்தூக்கி என்றதும் பலருக்கும் எழும் அச்சம், கயிறு அறுந்து விழுந்துவிடுமோ என்பதுதான். அந்த அச்சத்துக்கு 1854ஆம் ஆண்டிலேயே விடை கிடைத்துவிட்டது. நியூயார்க் கண்காட்சியில் உயரத்தூக்கிய மேடை ஒன்றின் மீது நின்றுகொண்டு, அதைத் தாங்கிய கயிற்றை வெட்டச் செய்தார் எலிஷா ஓட்டிஸ். மேடை சற்றே சரிந்து அப்படியே நின்றது. இன்றைய மின்தூக்கியில் ஒன்றுக்குப் பல எஃகுக் கயிறுகள் உண்டு. கூண்டு வரம்பு மீறி வேகமெடுத்தால், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி அதை உணர்ந்து, கூண்டின் அடியிலுள்ள பிடிப்பான்களை வழித்தண்டவாளத்தைக் கவ்வச் செய்யும். பிரேக்கின் இயல்பும் அத்தகையதே: மின்சாரம் பாயும்போது அது விலகும், மின்சாரம் நின்றால் சுருள்வில்லின் விசையால் தானே இறுகிக்கொள்ளும். எனவே, மின்தடையில் கூண்டு விழாது, நின்றுவிடும். காற்றோட்டம் இருப்பதால் உள்ளே இருப்பவருக்கு மூச்சு முட்டவும் செய்யாது.

உண்மையான சிக்கல் கதவில் இருக்கிறது. ஒவ்வொரு தளத்துக் கதவும் முழுமையாக மூடிப் பூட்டிக்கொண்டால்தான் இயந்திரம் நகரும். பத்துத் தளங்களில் ஏதேனும் ஒரு கதவு ஒரு விரற்கடை விலகியிருந்தாலும் மின்சுற்று முழுமையடையாது. பொதுக் கட்டடத்தின் கதவோ நாள்தோறும் நூற்றுக்கணக்கான முறை திறந்து மூடுகிறது. வாசற்படியின் பள்ளத்தில் மண் சேர்கிறது. வெற்றிலைச் சாறும் பாக்குத் துகளும் இறுகுகின்றன. மூடவரும் கதவைக் காலால் உதைத்து நிறுத்துவோரும் உண்டு. மழைக்காலத்தில் அடிக்குழியில் நீர் தேங்கி, அங்குள்ள சுவிட்சுகள் துருப்பிடிக்கின்றன. நான் எழுதிய பழுது அறிக்கைகளில் பெரும்பாலானவை கதவைப் பற்றியவையே. பள்ளத்தைத் துடைப்பது, உருளைகளை மாற்றுவது, பூட்டின் தொடுமுனைகளைத் தேய்த்துச் சுத்தம் செய்வது ஆகிய சிறு வேலைகளை மாதந்தோறும் செய்தால் அவற்றில் பாதி அறிக்கைகளுக்குத் தேவையே இருந்திராது.

இங்கே எச்சரிக்கை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். கூண்டு இடையில் நின்றுவிட்டால், கதவை நெம்பித் திறந்து இறங்க முயல்வதே பேராபத்து. இறங்குபவர் தளத்துக்கும் கூண்டுக்கும் இடைப்பட்ட வெளியில் கால் தவறிக் குழிக்குள் விழ நேரும். தளத்துக் கதவை வெளியிலிருந்து திறக்கும் சாவி பயிற்சி பெற்றவர் கையில் மட்டுமே இருக்க வேண்டும். அது காவலாளியின் மேசை இழுப்பறையில் கிடந்ததை நான் பல முறை கண்டிருக்கிறேன்.

சிறு வேலைகள் ஏன் நடப்பதில்லை? புதிய மின்தூக்கிக்கு மூலதனச் செலவில் நிதி கிடைக்கிறது. திறப்பு விழாவும் நடக்கிறது. கதவை இயக்கும் பட்டை ஒன்றை மாற்றுவதற்கு அந்த வாய்ப்பு இல்லை. பராமரிப்பு ஒப்பந்தங்கள் இரு வகை. ஒன்றில் உதிரிபாகமும் அடங்கும். மற்றொன்றில் வந்து பார்க்கும் கூலி மட்டும். செலவு குறைவென்று இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால், ஒவ்வொரு பாகத்துக்கும் மதிப்பீடு, ஒப்புதல், விலைப்புள்ளி என்று கோப்பு நகர வேண்டும். மின்தூக்கி பழையதாகிவிட்டால், அந்தப் பாகத்தின் தயாரிப்பே நின்றுபோயிருக்கும். கட்டுப்பாட்டுப் பெட்டியின் மென்பொருளைத் தயாரிப்பாளரைத் தவிர வேறெவரும் தொட முடியாத நிலையும் உண்டு. வாங்கும்போதே பத்தாண்டுக்கான உதிரிபாகத்தையும் பராமரிப்பையும் சேர்த்து விலை கேட்டால் இவற்றில் பெரும்பகுதி தீரும் என்பது என் கருத்து. தொடக்க விலை கூடும் என்பார்கள், கூடட்டும்.

தமிழ்நாட்டில் மின்தூக்கிகளுக்கென 1997இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. உரிமம் பெறாமல் மின்தூக்கியை இயக்கக் கூடாது, ஆய்வும் உண்டு. ஆனால், இத்தகைய சட்டங்களின் அக்கறையெல்லாம் ஓடும் மின்தூக்கி ஆபத்தின்றி ஓடுகிறதா என்பதில்தான். ஓடாத மின்தூக்கி யாரையும் காயப்படுத்துவதில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016 வேறு கோணத்தில் பார்க்கிறது. பொதுக் கட்டடங்கள் அனைத்தையும், விதிகள் அறிவிக்கப்பட்டதிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் அவர்கள் அணுகத்தக்கதாக்க வேண்டும் என்கிறது. விதிகள் 2017இல் வந்தன. கெடு கடந்துவிட்டது. மின்தூக்கி பொருத்தப்பட்ட கட்டடம் தாளில் அணுகத்தக்கதாகவே எண்ணப்படும். அது எத்தனை நாள் ஓடியது என்பதைக் கேட்கும் பத்தி எதையும் நான் நிரப்பிய படிவங்களில் கண்டதில்லை.

ஒவ்வொரு பொதுக் கட்டடத்திலும் மின்தூக்கி நின்ற நாள், காரணம், சீராக்க வேண்டிய நாள், பொறுப்பு அலுவலரின் தொலைபேசி எண் ஆகிய நான்கையும் அதன் அருகிலேயே எழுதிவைக்க ஆணையிடலாம். செலவு ஒரு கரும்பலகையும் சுண்ணக்கட்டியும்தான். கிளம்பும்போது அங்கிருந்த காவலாளியிடம் என்ன பழுது என்று கேட்டேன். "கதவு மூட மாட்டேங்குது சார், அவ்வளவுதான்" என்றார். தமக்கையாருக்கு அடுத்த நேர்காணல் ஓராண்டு கழித்து, அதே இரண்டாம் தளத்தில்.