பள்ளிக்கூடத்தில் ‘இரு பக்க நியாயம்’

இரு பக்கத்தையும் பிள்ளைகள் கேட்கட்டுமே, அதனால் என்ன நஷ்டம்? இதைவிட நியாயமாகத் தொனிக்கும் கேள்வி வேறில்லை. டார்வினுடைய பரிணாமக் கொள்கையைப் பொதுப் பள்ளிகளில் போதிப்பதானால், உயிர்களை ஆண்டவன் தனித்தனியே படைத்தான் என்பதையும் கூடவே போதிக்க வேண்டும் என்று அமெரிக்க சிருஷ்டிவாதிகள் வாதிப்பதும் இந்தக் கேள்வியின் பலத்தில்தான்.

ஆனால் இக்கோரிக்கை எப்பொழுது பிறந்தது? 1925-ல் டென்னஸி ராஜ்யம் பரிணாமப் பாடத்தையே சட்டத்தினால் தடுத்திருந்தது; அதை மீறியதாக ஸ்கோப்ஸ் என்ற இளம் உபாத்தியாயர் மீது வழக்கும் நடந்தது. அப்பொழுது மறு பக்கத்தைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. இத்தகைய தடை செல்லாதென்று 1968-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்த பின்னரே சமபங்குக் கோஷம் ஓங்கியது. 1981-ல் அர்க்கன்ஸாஸ் சட்டசபை அவ்வாறே சட்டம் செய்தது. அதை எதிர்த்து வழக்காடியவர்கள் நாஸ்திகர்கள் என்று நினைப்போர் ஏமாறுவார்கள்; மெதடிஸ்டு, கத்தோலிக்க பிஷப்புகளே முன்னணியில் நின்றார்கள்! அச்சட்டம் 1982-லும், லூயிஸியானாவின் சட்டம் 1987-லும் வீழ்ந்தன.

பிறகு பெயர் மாறிற்று. உயிர்களின் அமைப்பில் ஓர் அறிவுள்ள கர்த்தாவின் கை தெரிகிறது என்பதே புதிய கொள்கையாம். கர்த்தா யாரென்று மட்டும் சொல்லமாட்டார்கள். 2004 அக்டோபரில் பென்ஸில்வேனியாவின் டோவர் பள்ளி நிர்வாக சபை, இக்கொள்கையைக் குறிப்பிடும் அறிக்கையொன்றை வகுப்பில் படிக்க வேண்டுமென்று 6 வோட்டுக்கு 3 வோட்டால் தீர்மானித்தது. விஞ்ஞான உபாத்தியாயர்கள் படிக்க மறுத்தார்கள். அதிகாரிகள் வந்து படித்தார்கள். பெற்றோர் 11 பேர் கோர்ட்டுக்குப் போனார்கள்.

அங்கேதான் வேஷம் கலைந்தது. அறிக்கை சிபார்சு செய்த புத்தகத்தின் பழைய கையெழுத்துப் பிரதிகள் வெளிவந்தன. 1987-ம் வருஷத்துத் தீர்ப்புக்கு முன் சிருஷ்டி என்றிருந்த இடங்களிலெல்லாம் பின்னர் புதுப் பெயர் ஏறியிருந்தது. ஓரிடத்தில் அவசரம் காட்டிக்கொடுத்துவிட்டது: பழைய சொல்லின் தலையும் வாலும் அப்படியே நிற்க, நடுவில் புதுச்சொல் புகுந்திருந்தது.

ஜனங்கள் தேர்ந்தெடுத்த சபையின் தீர்மானத்தை ஒரு ஜட்ஜ் ரத்து செய்யலாமா என்று சிலர் கேட்டார்கள். ஜனநாயகத்தில் பற்றுள்ள நாம் இக்கேள்வியை அலட்சியம் செய்வதற்கில்லை. பள்ளி எங்கே கட்டுவது, வரி எவ்வளவு என்பதெல்லாம் பெரும்பான்மையின் உரிமை. பாறையில் பதிந்த எலும்பின் வயதை வோட்டெடுத்து நிர்ணயிக்க முடியுமா? ஒரு சாராரின் மதத்தை மற்றொருவர் பிள்ளைக்கு வரிப்பணத்தில் புகட்டும் உரிமையையும் எந்தப் பெரும்பான்மைக்கும் நாம் ஒப்புக்கொள்ளோம்.

2005 டிசம்பர் 20-ல் இப்புதிய கொள்கை விஞ்ஞானமன்று என்று தீர்ப்பளித்த ஜட்ஜ் ஜோன்ஸ், குடியரசுக் கட்சியின் ஜனாதிபதி புஷ் நியமித்தவர். டோவர் வாக்காளர்கள் அதற்கும் முந்திக்கொண்டார்கள். நவம்பர் தேர்தலிலேயே, மறுபடி நின்ற பழைய அங்கத்தினர் எண்மரையும் தோற்கடித்துவிட்டார்கள். வழக்குச் செலவுக்காகப் பத்து லட்சம் டாலருக்கு மேல் கொடுக்கும் பொறுப்பு புதிய சபையின் தலையில் விழுந்தது.