சத்தமும் குறையணும், மழையிலும் வழுக்கக் கூடாது... ஸ்போர்ட்டி காருக்கு எந்த டயர்?

வர்ட்டஸ் ஜி.டி., ஸ்லாவியா, ஐ20 என் லைன் மாதிரி கொஞ்சம் துறுதுறுப்பான கார் வைத்திருப்பவர்களிடம் பேசிப் பாருங்கள். எத்தனை நொடியில் 100 கி.மீ வேகத்தைத் தொடும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். என்ன டயர் போட்டிருக்கிறது என்று கேட்டால், இறங்கிப் போய்க் குனிந்துதான் பார்ப்பார்கள். இன்ஜின் எவ்வளவு சக்தி கொடுத்தாலும், சாலையைத் தொட்டுக்கொண்டிருப்பது டயருக்கு ஓர் உள்ளங்கை அளவு ரப்பர்தான்.

கம்பெனி போட்டுக் கொடுத்த டயர்கள் 40,000 கி.மீ வாக்கில் தேய்ந்து, கடையில் போய் நிற்கும்போதுதான் தலைவலி ஆரம்பிக்கிறது. "நல்ல கிரிப் வேணுமா, சைலன்ட்டா இருக்கணுமா சார்?" என்று கடைக்காரர் கேட்பார், ஏதோ இரண்டில் ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ள முடியும் என்பதுபோல. 20 வருடங்களுக்கு முன்பு அது சரியான கேள்வி. இன்றைக்குப் பாதிதான் சரி.

பின்சீட்டில் இருந்து வந்த புகார்

கோவையில் இருக்கும் என் பெரியப்பா மகனிடம் இருப்பது வர்ட்டஸ் ஜி.டி. மேட்டுப்பாளையம் தாண்டி கோத்தகிரி மலைப்பாதையில் ஏறினால்தான் அண்ணனுக்கு ஞாயிற்றுக்கிழமை முடிந்த மாதிரி இருக்கும். பெரியப்பா காதில் கருவி வைத்திருக்கிறார். கார் 80 கி.மீ வேகத்தைத் தாண்டினால், அந்தக் கருவி டயரின் இரைச்சலையும் சேர்த்துப் பெரிதாக்கிக் கொடுக்கிறது. பேச்சு காதில் விழுவதில்லை. "என்னடா சொன்னே?" என்று நான்கு தடவை கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். பிறகு, "நீங்க போயிட்டு வாங்க, நான் வீட்டைப் பார்த்துக்கறேன்" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

அண்ணிக்கு வேறு கவலை. ஐப்பசி மழையில் ஒரு கொண்டை ஊசி வளைவுக்கு முன்பு பிரேக் பிடித்தபோது, கார் கொஞ்ச தூரம் வழுக்கிக்கொண்டே போய்த்தான் நின்றது. பின்சீட்டில் குழந்தை. அன்றிலிருந்து, "டயரை மாத்தாம மலை ஏற வேண்டாங்க" என்று சொல்லிவிட்டார். ஓட்டுகிறவருக்கோ ஸ்டீயரிங் சும்மா விண்ணென்று இருக்க வேண்டும். நான்கு டயர்களிடம் மூன்று பேரின் எதிர்பார்ப்பு!

டயர் ஏன் இரைகிறது?

டயரின் மேல்பரப்பு கட்டம் கட்டமாக வெட்டப்பட்டிருக்கிறது இல்லையா? ஒவ்வொரு கட்டமும் சாலையில் அறைந்துகொண்டே சுற்றுகிறது. எல்லாக் கட்டங்களும் ஒரே அளவில் இருந்தால், சங்கு ஊதுவது மாதிரி ஒரே ஸ்வரத்தில் ஊளையிடும். அதனால் பெரிது, சிறிது, நடுத்தரம் என்று கலைத்துப்போட்டு வடிவமைக்கிறார்கள். சத்தம் பல ஸ்வரங்களாகச் சிதறிவிடும், காதுக்கு உறுத்தாது. பள்ளக்கோடுகளுக்குள் சிக்கும் காற்று நசுங்கி வெளியே பீய்ச்சுவது இன்னொரு சத்தம். டயருக்கு உள்ளே இருக்கும் காற்று வளையம் 200 ஹெர்ட்ஸுக்கு மேலே ஓரிடத்தில் அதிர்ந்து, பாலத்தின் இணைப்பைத் தாண்டும்போது கேட்கும் அந்த 'ங்ங்' ஓசை மூன்றாவது. இதைக் குறைக்கத்தான் சில விலை உயர்ந்த டயர்களின் உட்புறம் ஸ்பான்ஞ் ஒட்டுகிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் வாரம் ஒரு ஆணி ஏறுகிற நம் ஊரில், பஞ்சர் போடுபவர் முதலில் அந்த ஸ்பான்ஞ்சை வெட்டி எடுக்க வேண்டும். அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

டயர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், சாலை மாறினால் சத்தமும் மாறும். வழுவழு தார் ரோட்டில் முணுமுணுக்கும் டயர், பொடி ஜல்லி துருத்திக்கொண்டிருக்கும் ரோட்டிலும் கான்கிரீட் ரோட்டிலும் உறுமும். அதை எந்த கம்பெனியாலும் மாற்ற முடியாது.

பணத்தை எடுப்பதற்கு முன்பு இன்னொன்றையும் பாருங்கள். வேகத்தோடு கூடும் உறுமல், வளைவில் திரும்பும்போது மட்டும் கூடவோ குறையவோ செய்தால், சந்தேகப்பட வேண்டியது வீல் பேரிங்கை. டயர் கட்டங்களின் மேல் ஒரு திசையில் கையைத் தடவினால் வழவழப்பாகவும், எதிர்த்திசையில் ரம்பம் மாதிரியும் இருந்தால், அது கோணலாகத் தேய்ந்திருக்கிறது. அண்ணனின் காரில் பின்டயர்கள் இப்படித்தான் இருந்தன. சுமார் 10,000 கி.மீ-க்கு ஒருமுறை முன் டயரையும் பின் டயரையும் மாற்றிப் போட்டிருந்தால், பெரியப்பா கேட்ட இரைச்சலில் பெரும்பகுதி வந்தே இருக்காது.

பிடிப்பு எங்கிருந்து வருகிறது?

அகலத்தில் இருந்து என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஈரச் சாலையில் முக்கால்வாசி வேலையைச் செய்வது ரப்பர் கலவை. முன்பெல்லாம் ரப்பரோடு கார்பன் கரிதான் பெரும்பாலும் சேரும். அதில் பிடிப்பைக் கூட்டினால் மைலேஜ் அடிவாங்கும். 1990-களின் தொடக்கத்தில் மிஷெலின் நிறுவனம் சிலிகா கலந்த கலவையைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகு, ஈரப் பிடிப்பும் மைலேஜும் ஒரே டயரில் ஓரளவு சேர்ந்து வர ஆரம்பித்தன. இன்றைக்கு நல்ல டயர்கள் எல்லாவற்றிலும் சிலிகா இருக்கிறது.

இரண்டாவது, பள்ளத்தின் ஆழம். புது டயரில் சுமார் 8 மி.மீ இருக்கும். சட்டப்படி 1.6 மி.மீ வரை ஓட்டலாம். பள்ளத்துக்குள் தெரியும் சின்ன மேடு அந்த எல்லையைத்தான் காட்டுகிறது. ஆனால் தண்ணீரை வெளியே தள்ளும் திறன் அதற்கு வெகு முன்னாலேயே குறைந்துவிடும். மழைக்காலம் வருகிறது, 3 மி.மீ-தான் மிச்சம் என்றால் மாற்றிவிடுவது நல்லது. அண்ணனின் டயரில் இருந்தது அவ்வளவுதான். வழுக்கியதற்குக் காரணம் தேட வேண்டியதே இல்லை.

லேபிள் சொல்வதும் சொல்லாததும்

ஐரோப்பாவில் விற்கும் ஒவ்வொரு டயருக்கும் லேபிள் உண்டு. ஈரப் பிடிப்புக்கு ஏ முதல் இ வரை மதிப்பெண். 80 கி.மீ வேகத்தில் பிரேக் அடித்தால், ஏ டயருக்கும் இ டயருக்கும் நடுவே ஒரு கார் நீளத்துக்கும் அதிகமான வித்தியாசம் வரும். அண்ணி பார்க்க வேண்டிய எழுத்து இதுதான்.

சத்தத்துக்கும் டெசிபல் கணக்கு அதில் உண்டு. 3 டெசிபல் கூடினால் ஒலி ஆற்றல் இரு மடங்கு. ஆனால் ஒரு விஷயத்தைக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள்: அந்த அளவை எடுப்பது காருக்கு வெளியே. இன்ஜினை அணைத்து, 80 கி.மீ வேகத்தில் கார் உருண்டு போகும்போது, 7.5 மீட்டர் தள்ளி மைக் வைத்து அளக்கிறார்கள். அதாவது அந்த எண் ரோட்டோரம் டீ குடிப்பவரின் காதுக்கு. பெரியப்பாவின் காதுக்கு அல்ல. உள்ளே கேட்பது உங்கள் காரின் சஸ்பென்ஷனையும் சவுண்ட் புரூஃபிங்கையும் பொறுத்தது. ஆகவே 69-க்கும் 71-க்கும் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். அதே மாடல் கார், அதே டயர் வைத்திருப்பவர் யாராவது கிடைத்தால், அரை மணி நேரம் அவர் காரின் பின்சீட்டில் உட்கார்ந்து வாருங்கள்.

இந்தியாவிலும் ஈரப் பிடிப்பு, சத்தம், உருளும்போது வரும் தடை ஆகிய மூன்றுக்கும் குறைந்தபட்சத் தரத்தை 2022-ல் மத்திய அரசு அறிவித்தது. அது பாஸ் மார்க் மாதிரி. 40 வாங்கியவர் யார், 95 வாங்கியவர் யார் என்று தெரியாது. இங்கே டயரில் நீங்கள் பார்க்கும் நட்சத்திர லேபிள் முக்கியமாக எரிபொருள் சிக்கனத்தைப் பற்றியது. ஐரோப்பிய மதிப்பெண்ணை இணையத்தில் தேடிப் பார்க்கலாம். ஆனால் பெயர் ஒன்றாக இருந்தாலும் இங்கே தயாராகும் டயரின் கலவை வேறாக இருக்கலாம் என்பதை மறக்காதீர்கள்.

அப்படியானால் எது?

கடையில் இரண்டு குடும்பங்கள் இருக்கின்றன. மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 4, வ்ரெடெஸ்டீன் அல்ட்ராக் வோர்ட்டி போன்றவை ஸ்போர்ட் ரகம். பக்கச்சுவர் விறைப்பு, ஸ்டீயரிங் திருப்பினால் உடனே பதில், பிடிப்பு அபாரம். ஆனால் மேடு பள்ளம் முதுகில் தெரியும். மிஷெலின் பிரைமஸி, யோகோஹாமா அட்வான் டிபி, பிரிட்ஜ்ஸ்டோன் டுரான்ஸா போன்றவை டூரிங் ரகம். அமைதியும் சொகுசும் முதலில், ஈரப் பிடிப்பும் குறைச்சல் இல்லை. ரேஸ் டிராக்கில் நொடிகளை எண்ணுபவருக்குத்தான் முதல் ரகத்தின் கூடுதல் பிடிப்பு முழுசாகப் பயன்படும். குடும்பத்தோடு மலை ஏறி இறங்கும் 150 பி.எஸ் காருக்கு, நல்ல ஈரப் பிடிப்புள்ள டூரிங் டயர் போதும் என்பது என் கட்சி.

அண்ணன் ஒரு வாரம் முறைத்துக்கொண்டிருந்துவிட்டு டூரிங் ரகத்தைத்தான் போட்டார். "வளைவுல முன்ன இருந்த அந்த விறைப்பு இல்லடா" என்று இன்னமும் குறை சொல்கிறார். அது உண்மைதான். ஆனால் கோத்தகிரி போகும் வழியில் பெரியப்பா பின்சீட்டில் இருந்து தேயிலை விலையைப் பற்றி அண்ணியோடு வாதம் செய்துகொண்டே வந்தாராம். மழையிலும் கார் சொன்ன இடத்தில் நின்றது.

விலை, 205/55 ஆர்16 அளவில் ஒரு டயர் சுமார் 7,000 ரூபாயில் தொடங்கி 12,000-ஐத் தொடும். 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி 28-லிருந்து 18 சதவிகிதமாகக் குறைந்ததால், பழைய விலைப்பட்டியலைக் காட்டினால் கேள்வி கேளுங்கள். டயர் இறக்குமதிக்கு 2020-ல் கட்டுப்பாடு வந்ததிலிருந்து, வெளிநாட்டு வீடியோவில் பார்க்கும் மாடல் உங்கள் அளவில் இங்கே கிடைக்காமல் போகலாம்.

17 இன்ச் ஆசை

பெரிய அலாய் வீல் போட்டால் கார் கம்பீரமாகத்தான் இருக்கும். 205/55 ஆர்16-க்குப் பதில் 225/45 ஆர்17 போட்டால் மொத்த உயரம் ஏறக்குறைய அதே. ஆனால் பக்கச்சுவர் 113 மி.மீ-லிருந்து 101 மி.மீ ஆகிவிடும். நம் ஊர் வேகத்தடையையும் குழியையும் தாங்கும் மெத்தை அதுதான். அகலம் கூடுவதால் இரைச்சலும் பொதுவாகக் கூடும், தேங்கிய தண்ணீரில் சீக்கிரம் மிதக்கவும் செய்யும். சத்தம் குறைய வேண்டும் என்று கடைக்கு வந்தவர் இதைச் செய்யவே கூடாது.

மாட்டும் நாளில்

பக்கச்சுவரில் 91வி என்று இருந்தால், ஒரு டயர் 615 கிலோ தாங்கும், 240 கி.மீ வேகத்துக்கு ஏற்றது என்று பொருள். கம்பெனி கொடுத்ததைவிடக் குறைந்த எண்ணையோ எழுத்தையோ ஏற்காதீர்கள். நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் வருடமும்: 2325 என்றால் 2025-ன் 23-வது வாரம். இரண்டு வருடம் குடோனில் கிடந்ததைத் தலையில் கட்டப் பார்த்தால் வேறு கேளுங்கள். 'அவுட்சைட்' என்று எழுதிய பக்கம் வெளியே தெரிய வேண்டும். உள்ளே திருப்பி மாட்டிவிட்டால் காசு கொடுத்து வாங்கிய குணம் கிடைக்காது.

பட்ஜெட் இடித்து இரண்டு டயர்தான் மாற்ற முடியும் என்றால், புதிய ஜோடி பின்னால் போகட்டும். முன்வீல் இழுக்கும் காராச்சே என்று கடைக்காரர் முன்னால் போடப் பார்ப்பார். மழையில் முன்பக்கம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின்பக்கம் வழுக்கினால் கார் சுற்றிவிடும்.

காற்று, ஓட்டுநர் கதவருகே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவுதான். டயர் சூடாவதற்கு முன்பு அளக்க வேண்டும். எல்லாக் காருக்கும் கண்ணை மூடிக்கொண்டு 40 அடித்துவிடும் பங்க்கில் ஏற்றினால், டயரின் நடுப்பகுதி மட்டும் சாலையைத் தொடும். பிடிப்பு குறையும், குலுக்கலும் சத்தமும் கூடும். நைட்ரஜன் போட்டால் சத்தம் குறையுமா என்று கேட்பவர்களுக்கு: சாதாரணக் காற்றிலேயே 78 சதவிகிதம் நைட்ரஜன்தான் இருக்கிறது.

அலைன்மென்ட்டும் பேலன்ஸிங்கும் முடித்துக் கையோடு மலைக்குக் கிளம்பிவிடாதீர்கள். அச்சிலிருந்து டயரைக் கழற்றுவதற்காகப் பூசியதன் மிச்சம் புது ரப்பரின் மேல் இருக்கும். அது தேய்ந்து போகும் வரை பிடிப்பு குறைவாகவே இருக்கும். முதல் 300 கி.மீ-ஐ ஆபீஸ் போய்வந்தே ஓட்டி முடியுங்கள்.