5 வோல்ற்றுக்குள் ஒரு கணக்கு

இலங்கையில் 2020 மார்ச்சில் நின்ற கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. 2022 தொடக்கத்தில் 200 ரூபாயாக இருந்த டொலர், அந்த மே மாதம் 360 ஐத் தொட்டு, பிறகு 300 அளவில் வந்து நின்றது. 30 டொலர் உதிரிப்பாகமொன்று, வரியும் கூலியும் சேராமலே, 6,000 ரூபாயிலிருந்து 9,000 ஆயிற்று. வடக்குக் கரையோர வல்வெட்டித்துறையில் ஓடும் பழைய கொரோலா இழுக்காமல் குலுக்கினால், "த்ரொட்டில் சென்சரை மாத்திப் பாப்பம்" என்பது இனிக் கட்டுப்படியாகாது. முதலில் அளக்க வேண்டும்.

பெடலை மிதிக்கும்போது த்ரொட்டில் தட்டு எவ்வளவு திறந்தது என்று எஞ்சின் கணினிக்குச் சொல்வதே இந்த சென்சரின் வேலை. பெரும்பாலும் 3 வயர்: 5 வோல்ற் வருவது, எர்த், சிக்னல். கேபிள் இழுக்கும் ரொயோட்டாக்களில், எஞ்சினை ஸ்ரார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் போட்டு அளந்தால், வரும் மின் 4.5 முதல் 5.5 வரை இருக்க வேண்டும். சிக்னல், தட்டு மூடியிருக்க 0.3 முதல் 0.8, முழுதாகத் திறக்க 3.2 முதல் 4.9.

எங்கள் கரையில் நான் முதலில் சந்தேகிப்பது சென்சரை அல்ல, அதன் சொக்கற்றை. ஒரு லீற்றர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு. வாடைக்காற்று அதன் துமியை வீட்டு முற்றம்வரை கொண்டுவரும். சொக்கற்றைக் கழற்றிப் பார்த்தால் செப்பு முனையில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். சொக்கற்றை மறுபடி மாட்டி, சாவியைப் போட்டு, மீற்றரின் கறுப்பு முனையை பற்றரியின் நெகட்டிவ்விலும் சிவப்பை சென்சரின் எர்த் வயரிலும் வைத்தால் 0.1 வோல்ற்றுக்கு மேல் காட்டக்கூடாது. 0.3 காட்டினால், 0.6 ஆக இருக்கவேண்டிய சிக்னல் 0.9 ஐ நெருங்கும். 5 வோல்ற்றில் அது 12 சதவீதத்துக்குப் பதில் ஏறக்குறைய 18. பெடலில் கால் இருப்பதாகக் கணினி எடுத்துக்கொள்ளலாம். இதற்கு மருந்து களிம்பைச் சுத்தம் செய்வதுதான். புது சென்சர் போட்டாலும் அந்த 0.3 அப்படியேதான் இருக்கும்.

சொக்கற் சுத்தமென்றால் அடுத்தது சென்சரின் உள்ளே இருக்கும் கரிப்பாதை. ஊர் றோட்டில் கால் எப்போதும் பெடலின் முதல் கால்வாசியிலேயே நிற்பதால் தேய்வதும் அந்த இடம்தான். மலிவான டிஜிற்றல் மீற்றர் செக்கனுக்கு 2 அல்லது 3 தடவைதான் எண்ணை மாற்றும். இடையில் நேர்ந்த அறுப்பு அதில் தெரியாமலே போகலாம். ஆகவே முள் மீற்றர் நல்லது. பெடலை 5 செக்கன் எடுத்து மெல்ல அமர்த்த, முள் தடங்கலின்றி ஏற வேண்டும். ஓரிடத்தில் விழுந்து எழும்பினால் சென்சர் போய்விட்டது, தயங்காமல் மாற்றலாம்.

1990களின் போர்க்காலப் பொருளாதாரத் தடையில் யாழ்ப்பாணத்து ஒஸ்ரின் ஏ40களும் மொறிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலால் எஞ்சினை உசுப்பி, காதால் கேட்டுக் கார்பரேற்றரைத் திருகிச் சரிசெய்தார்கள். அந்தக் கைகளின் மீது எனக்குப் பெரும் மதிப்பு உண்டு. ஆனால் 0.3 வோல்ற் காதுக்குக் கேட்காது.

கோளாறோடு ஓடுவதற்கும் விலை உண்டு. மாதம் 600 கிலோமீற்றர் ஓடும் கார் லீற்றருக்கு 12 இலிருந்து 10 ஆக இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம்: 50 லீற்றர் 60 ஆகும். லீற்றர் 300 ரூபாய் என்றால் மாதம் 3,000 நட்டம். 2022 ஜூன் கடைசியின் 470 ரூபாய் விலையில் அதுவே 4,700.

கேபிள் இல்லாத எலெக்ரோனிக் த்ரொட்டிலில் கணக்கு இரட்டிப்பு. சென்சர் 2, தட்டு மூடியிருக்க ரொயோட்டாவில் ஒன்று 0.5 முதல் 1.1, மற்றது 2.1 முதல் 3.1. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் ஸ்கானரில் பி2135 என்ற கோளாறுக் குறியீடு வரும். சிக்னல் குறைந்தால் பி0122, கூடினால் பி0123. இத்தகைய த்ரொட்டில்கள் பலவற்றுக்கு சென்சர் தனியே கிடைக்காது, த்ரொட்டில் பொடி முழுவதையுமே வாங்க வேண்டும். அதனால் காசை எடுக்குமுன் 5 வோல்ற் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால், அதே 5 வோல்ற்றைப் பகிரும் மற்ற சென்சர்களின் சொக்கற்றுகளை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் 5 திரும்புகிறதோ, கோளாறு அந்தப் பக்கத்தில்.