கம்பியின் நாடி

மருத்துவர் நோயாளியைக் கண்டவுடன் மருந்து கொடுத்துவிடுவதில்லை. நாடி பிடித்துப் பார்க்கிறார், வெப்பத்தை அளக்கிறார், அதன் பின்னரே நோய் இன்னதெனத் துணிகிறார். தொலைபேசிக் கம்பி வழியே இணையம் தரும் மோடம் என்னும் கருவிக்கும் இம்முறை பொருந்தும்.

செம்புக் கம்பியில் நம் பேச்சு, நொடிக்கு 4,000 அதிர்வுகளுக்கு உட்பட்டே செல்கிறது. அதற்கு மேற்பட்ட அதிர்வுகள் நெடுங்காலம் பயனின்றிக் கிடந்தன. அவற்றுள் 25,000 முதல் 11 இலட்சம் வரையுள்ளவற்றைச் செய்தி அனுப்பப் பயன்படுத்துவதே ஏ.டி.எஸ்.எல். முறை. இந்தியாவில் பி.எஸ்.என்.எல். நிறுவனம் 2005ஆம் ஆண்டில் இம்முறையில் அகலப்பட்டை இணைப்பு வழங்கத் தொடங்கியது.

மோடத்தோடு உரையாடுவது எங்ஙனம்? கணிப்பொறியை அதனோடு இணைத்து, டெல்நெட் என்னும் நிரலால் அதன் முகவரியை அழைக்கவேண்டும். பல மோடங்களுக்கு அம்முகவரி 192.168.1.1 ஆகும். பெயரும் மறைச்சொல்லும் தந்தபின், திரையில் ஒரு குறி மட்டும் தோன்றும். அங்கே கட்டளையைத் தட்டச்சுச் செய்தால் விடை வரும். ஓர் எழுத்துப் பிழைத்தாலும் கருவி ஏற்காது. கட்டளைச் சொற்கள் கருவிதோறும் வேறுபடும். 'ஹெல்ப்' எனக் கேட்டால் பெரும்பாலான மோடங்கள் அவற்றை வரிசையாகக் காட்டும்.

அமைப்பை மாற்றுமுன் பழைய எண்களை ஏட்டில் குறித்துக்கொள்க. பி.எஸ்.என்.எல். இணைப்பிற்குரிய வழி எண்கள் 0, 35 என்பன. மாற்றியதைச் சேமிக்கும் கட்டளையை மறந்தால், மின்சாரம் நின்றதும் உழைப்பு வீணாகும்.

இனி, கண்காணிக்கவேண்டிய எண்கள் இரண்டு. முதலாவது தேய்வு, இரண்டாவது இரைச்சலுக்கு மேல் செய்தி பெற்றுள்ள இடைவெளி. இரண்டும் டெசிபெல் என்னும் அளவால் குறிக்கப்படும். இடைவெளி 6 டெசிபெலுக்குக் கீழே இறங்கினால் இணைப்பு அடிக்கடி அறும். வெயில் நாளில் நன்றாயிருந்து, மழை நாளில் மட்டும் அது குறைந்தால், கம்பியின் இணைப்பிடத்தில் நீர் புகுந்ததென ஐயுறலாம். அதைத் திருத்துவது கம்பியாளர் பணி. மோடத்தைக் குறைகூறிப் பயனில்லை.

தேய்வோ தொலைவைப் பொறுத்தது. 10 டெசிபெல் தேய்ந்தால் ஆற்றல் பத்தில் ஒரு பங்காகிவிடும். செம்புக் கம்பி ஒரு கிலோமீட்டர் நீண்டால் ஏறத்தாழ 14 டெசிபெல் தேய்கிறது. கள்ளக்குறிச்சி நகரில் தொலைபேசி நிலையத்தை அடுத்த வீட்டிற்கு இஃது ஒரு பொருட்டன்று. ஐந்து கிலோமீட்டர் சென்றால், புறப்பட்ட ஆற்றலில் கோடியில் ஒரு பங்கே எஞ்சும். அவ்வாறாயின், அந்நகரிலிருந்து கல்வராயன் மலைமீதுள்ள வெள்ளிமலைக்கும் கரியாலூருக்கும் இக்கம்பியை நீட்டிப் பயன் என்ன? பாடம் தேடும் மலைச் சிறுவனின் வினா வழியிலேயே அடங்கிவிடும். எக்கட்டளையும் இக்குறையைத் தீர்க்காது. கண்ணாடி இழையில் செல்லும் ஒளியோ, ஒரு கிலோமீட்டருக்கு அரை டெசிபெல்கூடத் தேய்வதில்லை. மலையூருக்கு ஏற்ற வழி அதுவே.

கட்டளையால் தீரும் குறை ஒன்று. கம்பியாளரால் தீரும் குறை மற்றொன்று. புதிய வழி அமைத்தாலன்றித் தீராத குறை வேறொன்று. இவற்றைப் பகுத்தறிய உதவுவன அச்சிறு எண்களே. நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே அதைத் தணிக்கும் வழியை நாடுக என்று வள்ளுவர் கூறிய அறிவுரை கருவிகளுக்கும் உரியதன்றோ!