பசிக்கு ஒரு செட் மாத்திரை

சனிக்கிழமை திருப்பூருக்குச் சம்பள நாள். ஒன்றரை ஷிப்ட் முடிந்து இரவு எட்டரை மணிக்கு மேல் பனியன் கம்பெனிகளின் கேட்டுகள் திறக்கும்போது, மளிகைக் கடைக்கும் பரோட்டாக் கடைக்கும் சமமாக மருந்துக் கடை வாசலிலும் கூட்டம் நிற்கும். கால்வலி, சளி, நெஞ்செரிச்சல் என்று ஒவ்வொருவராகச் சொல்லி வாங்கிக்கொண்டிருக்கையில் நடுவே ஒரு குரல் வரும்: "பசியே எடுக்க மாட்டேங்குதுங்ணா. ஏதாச்சும் ஒரு செட்டு குடுங்க." கடைக்காரர் இரண்டு மூன்று அட்டைகளை எடுத்து, கத்தரியால் வேண்டிய மட்டும் வெட்டி, சின்னக் காகித உறையில் போட்டு நீட்டுவார். உறையின் மேல் பேனாவால் காலைக்கு ஒரு கோடு, இரவுக்கு ஒரு கோடு. கத்தரி போன இடத்தில் மருந்தின் பெயர் பாதியில் அறுந்திருக்கும். காலாவதித் தேதி கடையிலேயே தங்கிவிடும்.

பசி மாத்திரை, பசி டானிக் என்ற பேரில் பெரும்பாலும் கைமாறுவது சைப்ரோஹெப்டடின். அது பசிக்காகப் பிறந்த மருந்து கிடையாது. அரிப்பு, தடிப்பு, தும்மல் போன்ற ஒவ்வாமைகளுக்காக வந்த பழைய தலைமுறை மருந்து. ஆஸ்துமா இருந்த குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது அவர்கள் நன்றாகச் சாப்பிட்டு எடை கூடியதைக் கவனித்து, 1962-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் மருத்துவர்கள் எழுதினார்கள். 'வயிறு நிறைந்தது, போதும்' என்று மூளைக்குச் சொல்லும் வேதிப்பொருள்களில் ஒன்று செரோடோனின். அந்தச் சேதியை இந்த மருந்து மறிக்கிறது. அதனால் பசி கிளம்புகிறது. அமெரிக்காவில் இன்றைக்கும் இதற்கு அதிகாரபூர்வ அனுமதி ஒவ்வாமைக்குத்தான். பசிக்குக் கொடுப்பது அங்கே மருத்துவரின் தனிப்பட்ட முடிவு.

இதே மருந்து தூக்கத்தையும் கூட்டிவரும் என்பதுதான் திருப்பூர்க்காரர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

ஓவர்லாக் மெஷின் முன்னால் ஒரு நிமிடம் நின்று பார்த்தவர்களுக்கு இதன் பொருள் விளங்கும். நிமிடத்துக்கு 5,000 தையலுக்கு மேல் ஓடும் இயந்திரம் அது. ஊசிக்குப் பக்கத்திலேயே துணியின் ஓரத்தைச் சீவித் தள்ளும் சின்னக் கத்தி ஒன்றும் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். டெய்லரின் இரண்டு கைகளும் அந்தக் கத்தியிலிருந்து நாலு விரல் தூரத்தில் துணியைத் தள்ளிக்கொடுத்தபடி இருக்கும். பீஸ் ரேட் என்றால் கைக்கு ஓய்வே இல்லை. கண் ஒரு நொடி சொக்கினால் ஊசி விரலில் ஏறும். கட்டிங் பகுதியில் பேண்ட் நைஃப் ஓட்டுபவரின் நிலை இன்னும் மோசம். சாயப்பட்டறையில் இரவு ஷிப்டில் கொதிநீருக்கும் நீராவிக்கும் பக்கத்தில் நிற்பவரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இந்த மருந்து சாப்பிடுகிறவர்கள் இயந்திரம் இயக்கக் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது என்பது உலகெங்கும் மருந்துக் குறிப்பில் அச்சாகிற எச்சரிக்கை. வெட்டிக் கொடுத்த செட்டில் அந்தக் குறிப்பு வராது.

பனியன் கம்பெனிக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. நூலும் துணியும் ஓடும் இடத்தில் பஞ்சு பறக்கும். மூக்கு அடைக்கும், தும்மல் நிற்காது. அதற்கு அவில் போடுவது பலருக்குப் பழக்கம். சளி மாத்திரைகள் பலவற்றில் குளோர்பெனிரமின் இருக்கும். இவையும் சைப்ரோஹெப்டடினும் ஒரே குடும்பம். தும்மலுக்கு ஒன்று, பசிக்கு ஒன்று என்று நினைத்துப் போடுகிறவர், தூக்கம் தரும் மருந்தை இரட்டை அளவில் விழுங்கியிருக்கிறார். சனிக்கிழமை இரவு அதன் மேல் மதுவும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு. வாய் வறளும், மலம் கட்டும், பார்வை மங்கும். கண் அழுத்த நோய் இருப்பவர்களுக்கும், புராஸ்டேட் வீங்கி சிறுநீர் கழிக்கச் சிரமப்படுகிறவர்களுக்கும் இது ஆகவே ஆகாது. பாலூட்டும் தாய்மார்களும் தவிர்க்க வேண்டும். மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு, அந்த மருந்தின் வேலையை இது கெடுத்துவிடக்கூடும்.

இந்திய மருந்து விதிகளில் சைப்ரோஹெப்டடின் 'ஜி' அட்டவணையில் இருக்கிறது. மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் சாப்பிடுவது ஆபத்து என்ற வாசகம் உறையில் இருந்தாக வேண்டும் என்று அர்த்தம். உடம்பு தேற வேண்டும் என்று சிலர் கேட்டு வாங்கும் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டுகள் அதைவிடக் கடுமையான 'ஹெச்' அட்டவணையில் வருகின்றன. சீட்டு இல்லாமல் விற்கவே கூடாது. வங்கதேசத்தில் பாலியல் விடுதிகளில் அடைபட்ட சிறுமிகளை வயது கூடியவர்களாகக் காட்ட ஸ்டீராய்டு மாத்திரை கொடுக்கப்பட்டது 2010 வாக்கில் உலகச் செய்தியானது. முகம் உப்பும், கன்னம் பூரிக்கும். பார்க்கிறவர்கள் தேறிவிட்டதாகச் சொல்வார்கள். உள்ளே சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறிக்கொண்டிருக்கும், எலும்பு பலம் இழக்கும். பல வாரம் சாப்பிட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம்.

பெயர் தெரியாத மாத்திரை ஏன் இவ்வளவு கவலை தருகிறது என்பதற்கு இந்த வட்டாரத்திலேயே கசப்பான சான்று இருக்கிறது. 2019 ஜூனில் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை தமிழ்நாட்டின் நூல் மற்றும் ஆடைத் தொழிலில் வேலை பார்க்கும் பெண்கள் சுமார் 100 பேரிடம் பேசி ஒரு விசாரணைச் செய்தி வெளியிட்டது. மாதவிடாய் வலிக்கு லீவு கேட்டால், பெயர் அச்சிடாத மாத்திரை கையில் தரப்பட்டதாக அத்தனை பேரும் சொன்னார்கள். பரிசோதித்துப் பார்த்தபோது அவை சாதாரண வலி நிவாரணிகள்தாம். ஆனால் யாருக்கு எத்தனை, எத்தனை நாள், வேறு நோய் உண்டா என்று எவரும் கேட்கவில்லை. வருடக்கணக்கில் விழுங்கியவர்கள் உண்டு. அதன் பிறகு தொழிலாளர்களின் உடல்நலத்தைக் கண்காணிப்போம் என்று அரசு அறிவித்தது. உடம்பு சொல்லும் சேதியை மாத்திரையால் வாயடைத்து மெஷினை ஓடவிட்ட கதை அது. பசி மாத்திரையிலும் அதே கதை நடக்கிறது. இங்கே தொழிலாளியே போய் வாங்கிக்கொள்கிறார் என்பது ஒன்றுதான் வேறுபாடு.

பசி ஏன் எடுக்கவில்லை? ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறவரின் நாளைக் கூட இருந்து பார்த்தால் பாதிப் பதில் கிடைத்துவிடும். எட்டரைக்கு மெஷினில் உட்கார வேண்டும் என்பதால் காலையில் நின்றபடி இரண்டு வாய். பதினொரு மணிக்கு டீயும் வடையும். மதியம் டிபன் பாக்ஸைத் திறந்தால் ஆறிப்போன சோறு. சாயங்காலம் மறுபடி டீ, ஒரு பன் அல்லது பப்ஸ். இரவு வீட்டுக்குப் போய்ச் சமைத்து உட்காரும்போது மணி பத்து. சர்க்கரை போட்ட டீயே நாலைந்து வேளை பசியைத் தின்றுவிடுகிறது. சாப்பாட்டோடு குடிக்கிற டீ, சோற்றிலும் கீரையிலும் இருக்கிற இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கவும் செய்கிறது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ரத்தசோகை வந்தால் பசி மந்தமாகும். பசி மந்தமானால் ரத்தசோகை முற்றும். இந்தச் சுழலில் இருப்பவருக்குத் தேவை ஒரு ரத்தப் பரிசோதனையும் இரும்புச் சத்து மாத்திரையும். இரண்டும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்.

மீதிப் பதில் இன்னும் தீவிரமானது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், பசியின்மை, எடை குறைவு என்றால் காசநோய்க்குச் சளிப் பரிசோதனை செய்தாக வேண்டும். 50 கிலோ இருந்தவர் ஆறு மாதம், ஒரு வருடத்தில் காரணமே இல்லாமல் இரண்டரைக் கிலோ குறைந்திருந்தால் அது மருத்துவர் பார்க்க வேண்டிய அளவு. நாள் தள்ளிப்போன இளம் பெண்ணுக்குச் சாப்பாட்டைக் கண்டாலே குமட்டினால் முதலில் கர்ப்பப் பரிசோதனை. ஊர் விட்டு வந்து, எட்டுப் பேர் தங்கும் அறையில் மொழி தெரியாமல் முடங்கிக் கிடக்கும் பையனுக்குச் சோறு இறங்கவில்லை என்றால் மனச்சோர்வாக இருக்கலாம். இவர்களில் யாருக்கும் பசி மாத்திரை நோயைத் தீர்க்காது. பத்து நாள் நன்றாகச் சாப்பிட வைத்து, மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போட வைக்கும். அந்தத் தாமதம்தான் இந்த மாத்திரை செய்கிற பெரிய கெடுதல்.

ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் இன்று திருப்பூரில் தைக்கிறார்கள். அந்த ஜார்க்கண்டில், சென்னையிலுள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் நடத்திய 'ரேஷன்ஸ்' ஆய்வு 2023-இல் வெளியானது. 2,800 காசநோயாளிகளும் அவர்கள் வீட்டார் 10,345 பேரும் அதில் சேர்ந்தார்கள். நோயாளிகள் எல்லோருக்கும், வீட்டாரில் ஒரு பகுதியினருக்கு மட்டும் அரிசியும் பருப்புமாக உணவு கொடுத்துப் பார்த்தார்கள். கூடுதல் உணவு பெற்ற வீட்டாரிடம் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. எந்தப் பசி டானிக்கும் இப்படி ஒரு கணக்கைக் காட்டியதில்லை.

பசி மருந்துக்கு இடமே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. புற்றுநோய்க்குக் கீமோதெரபி எடுப்பவர்களுக்குச் சாப்பாடு வெறுத்துப்போகும். எடை இறங்க இறங்கச் சிகிச்சையைத் தாங்கும் சக்தியும் போய்விடும். புதுச்சேரி ஜிப்மரில் இப்படிப்பட்டவர்களுக்குத் தினம் இரண்டரை மில்லிகிராம் ஒலான்சபைன் 12 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். மனநோய்க்குப் பயன்படும் மருந்தின் மிகச் சிறிய அளவு அது. ஐந்து சதவீதத்துக்கு மேல் எடை கூடியவர்கள் மருந்து எடுத்தவர்களில் 60 சதவீதம், வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 9 சதவீதம். 2023-இல் வெளியான இந்த முடிவு அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்களின் வழிகாட்டுதலையே மாற்றியது. மெஜெஸ்ட்ரால் என்ற இன்னொரு மருந்தும் உண்டு, அதில் ரத்தம் உறையும் அபாயம் இருப்பதால் கண்காணிப்பு தேவை. காரணம் தெரிந்து, அளவு தெரிந்து, எப்போது நிறுத்துவது என்றும் தெரிந்து கொடுக்கும்போது இந்த மருந்துகள் உண்மையிலேயே உயிர்க்கு உதவுகின்றன.

அதே கவனம் எல்லா நேரத்திலும் இருந்ததாகச் சொல்ல முடியாது. ஒவ்வாமை மருந்தான பக்லிசின் நம் நாட்டில் பசி தூண்டியாக அனுமதி பெற்றதை 2012 மே மாதம் நாடாளுமன்ற நிலைக்குழு தன் 59-ஆவது அறிக்கையில் கேள்விக்குள்ளாக்கியது. இந்தியாவில் தயாராகும் அபெடமின் என்ற சைப்ரோஹெப்டடின் சிரப், உடம்பு வளைவுக்காக இளம்பெண்களிடம் சமூக ஊடகம் வழியாக விற்கப்பட்டதை 2021-இல் பி.பி.சி. அம்பலப்படுத்தியது. பிரிட்டனில் அதற்கு அனுமதியே கிடையாது.

குழந்தைகளைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். வேலைக்கு ஓடும் அவசரத்தில் மூன்று வயதுப் பிள்ளை வாயை இறுக மூடிக்கொண்டால் தாய்க்கு அழுகையே வந்துவிடும். பக்கத்து வீட்டக்கா சொன்ன பசி டானிக் அப்படித்தான் வீட்டுக்குள் நுழைகிறது. இந்தச் சிரப்புகள் பலவற்றில் 5 மில்லியில் 2 மில்லிகிராம் மருந்து இருக்கும். சமையலறைக் கரண்டிகளில் ஒன்று மூன்று மில்லி பிடிக்கும், இன்னொன்று எட்டுப் பிடிக்கும். பிள்ளையின் எடையைப் பார்த்து மருத்துவர் எழுதிய அளவை, பாட்டிலோடு வரும் அளவு மூடியில்தான் ஊற்ற வேண்டும். இரண்டு வயதுக்குள் கொடுக்கவே கூடாது. இனிப்பாக இருப்பதால் பிள்ளையே எடுத்துக் குடித்துவிட வாய்ப்பு உண்டு. அளவு மீறினால் பிதற்றலும் வலிப்பும் வரும். பாட்டில் எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். அதற்கெல்லாம் முன்னால் பூச்சி மாத்திரை கொடுத்தாயிற்றா, எடை கூடும் வரைபடம் சரியாக இருக்கிறதா என்று அங்கன்வாடியில் கேட்டுவிடலாம். ஓடியாடுகிற, எடை கூடுகிற பிள்ளைக்கு மருந்தே வேண்டாம்.

மருத்துவர் பார்த்து எழுதித் தந்தால் இவற்றைக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது: எத்தனை நாள், இரவில் மட்டும் போட்டால் போதுமா, காலையில் மெஷினில் உட்காரலாமா, எத்தனை நாள் கழித்து எடை பார்க்க வர வேண்டும். முதல் சில நாள் தூக்கம் கடுமையாக இருக்கும். அந்த நாள்களில் கட்டிங் டேபிளிலிருந்து செக்கிங்குக்கோ பேக்கிங்குக்கோ மாற்றித் தரும்படி சூப்பர்வைசரிடம் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவருக்கு நூற்றுக்கு 75 காசு இ.எஸ்.ஐ.க்காகப் பிடிக்கப்படுகிறது. அந்தப் பணத்துக்குரிய வைத்தியமும், மருத்துவர் சான்றளித்தால் வருடத்துக்கு 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளமும் அவருடைய உரிமை. பவர் டேபிள் என்கிற சிறு தையல் பட்டறைகளில் வேலை பார்த்து இ.எஸ்.ஐ. இல்லாதவர்களுக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஊருக்குள்ளேயே இருக்கிறது.

போகும்போது இதுவரை சாப்பிட்ட எல்லா மாத்திரைகளையும் கையோடு கொண்டுபோக வேண்டும். தும்மலுக்குப் போட்டது, தூக்கத்துக்குப் போட்டது, நாட்டு மருந்துப் பொடி, காகித உறைக்குள் கிடக்கும் அந்த வெட்டிய அட்டை எல்லாவற்றையும். அதில் மிச்சமிருக்கும் நாலு எழுத்தை வைத்தாவது உள்ளே போனது என்ன மருந்து என்று மருத்துவர் கண்டுபிடிக்கப் பார்ப்பார்.